லேசருக்குப் பின் முகம் கறுத்துவிட்டது, கார்த்திகையில் கல்யாணம்

கேள்வி: எனக்கு 28 வயது. வெள்ளவத்தையில் வசிக்கிறேன், கோட்டையில் வேலை. பள்ளிக் காலத்து முகப்பருக்கள் இரண்டு கன்னங்களிலும் குழிகளை விட்டுப் போய்விட்டன. கார்த்திகையில் கல்யாணம் என்பதால், ஓர் அழகுச் சிகிச்சை நிலையத்தில் ஃப்ரக்‌ஷனல் கார்பன் டை ஒக்சைட் லேசர் செய்துகொண்டேன். ஒரு வாரத்தில் பொருக்கு உதிர்ந்து முகம் இளஞ்சிவப்பாக, அழகாகவே இருந்தது. மூன்றாவது வாரம் ஆடிவேல் ரதத்தோடு காலி வீதியில் சிறிது தூரம் நடந்தேன். அதன் பிறகு, நான்காவது வாரத்தில், லேசர் பட்ட இடமெல்லாம் புள்ளி புள்ளியாகக் கபில நிறமாகிக் கறுத்துவிட்டது. தட்டையாகத்தான் இருக்கிறது, வலியில்லை. இப்போது ஆறாவது வாரம். இரண்டாவது தடவை லேசர் அடித்தால் கறுப்பும் சேர்ந்து போய்விடும், அதற்கான பணத்தையும் கட்டிவிட்டீர்களே என்கிறார்கள் நிலையத்தில். பாமசியில் ஒரு கிரீம் தந்தார்கள். நான்காம் நாளே முகம் வெளுத்தது. எட்டாம் நாள் டியூப் முடிந்ததும் எரிச்சலும் சிவப்பும் வந்துவிட்டன. அம்மா மஞ்சளும் பாலாடையும் பூசச் சொல்கிறார். சின்னம்மா, தோலைக் கிளறிவிடும் கிரந்திச் சாப்பாடு கூடாது என்று இறாலையும் கத்தரிக்காயையும் நிறுத்திவிட்டார். இந்தக் கறுப்பு நிரந்தரமா? கல்யாணத்துக்குள் போகுமா? நான் ரதத்தின் பின்னால் வெயிலில் போனதுதான் காரணமா?

தோல் வைத்திய நிபுணரின் பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

கடைசியாகக் கேட்டவற்றுக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். நீங்கள் விவரித்திருப்பது பெரும்பாலும் நிரந்தரமான கறுப்பு அல்ல. தட்டையாக இருக்கிறது, வலியில்லை, லேசர் பட்ட இடத்தில் மட்டும் வந்திருக்கிறது, நான்காவது வாரத்தில் தலைகாட்டியிருக்கிறது, நிறம் கபிலம். இத்தனையும் சேர்ந்திருந்தால் அழற்சிக்குப் பின் வரும் கருமை என்றுதான் ஒரு தோல் வைத்தியர் முதலில் நினைப்பார். நம்முடைய நிறத்துத் தோலில் லேசருக்குப் பின் அடிக்கடி காணும் பக்கவிளைவு இது. மாதக்கணக்கில் மெல்ல மெல்ல மங்கும். கார்த்திகைக்குள் முற்றாகப் போய்விடும் என்று உங்களுக்கு வாக்குக் கொடுக்க மாட்டேன். கணிசமாகக் குறைந்திருக்கும் என்று நம்ப இடமிருக்கிறது. அதற்கு ஒரு நிபந்தனை உண்டு: இனிமேல் அந்த முகத்தை எதுவும் புண்படுத்தக் கூடாது. இரண்டாவது லேசர், பாமசிக் கிரீம், மஞ்சள், வெயில் ஆகிய நான்கும் இப்போதைக்கு உங்கள் முகத்துக்கு ஒரே வகையான எதிரிகள்.

தோலுக்குள் என்ன நடந்தது என்று தெரிந்தால் இந்த நிபந்தனை ஏன் என்று புரியும். கார்பன் டை ஒக்சைட் லேசரின் ஒளி 10,600 நனோமீற்றர் அலைநீளம் கொண்டது. அதைத் தண்ணீர் விழுங்கிக்கொள்கிறது. தோலின் பெரும் பகுதி தண்ணீர்தான் என்பதால் ஒளி பட்ட இடம் கணப்பொழுதில் ஆவியாகிவிடுகிறது. பழைய முறையில் முகத்தின் மேற்படலம் முழுவதையும் ஒரேயடியாக எடுத்தார்கள். அது ஆறுவதற்கு வாரக்கணக்காகும், நம் நிறத்தவர்களுக்கு மிகவும் ஆபத்தானதும்கூட. 2004 ஆம் ஆண்டில் ஃப்ரக்‌ஷனல் முறை அறிமுகமானது. இடியாப்ப உரலின் அச்சில் இருக்கும் துளைகளைப் போல, ஒளி நுண்ணிய துளைகளாக மட்டுமே தோலில் இறங்குகிறது. துளைகளுக்கு இடையே தொடப்படாமல் இருக்கும் தோலிலிருந்து புதிய கலங்கள் வந்து சில நாட்களில் துளையை மூடிவிடுகின்றன. உங்கள் கறுப்புப் புள்ளி புள்ளியாக வந்திருப்பது அந்தத் துளைகளின் தடம்தான்.

துளை ஒரு வாரத்தில் மூடிவிட்டது. ஆனால் துளையைச் சுற்றிச் சூடு பரவியிருக்கிறது. மேற்றோலின் அடியில் மெலனின் என்னும் நிறப்பொருளைச் செய்யும் கலங்கள் இருக்கின்றன. சூட்டையும் காயத்தையும் அழற்சியையும் அவை ஆபத்து என்றே எடுத்துக்கொண்டு, தோலைக் காப்பதற்காக அதிகமாக மெலனினைச் செய்து தள்ளுகின்றன. செய்த நிறம் மேலே வந்து கண்ணுக்குத் தெரிய மூன்று, நான்கு வாரங்கள் ஆகும். அதனால்தான் முதல் வாரத்தில் முகம் இளஞ்சிவப்பாக அழகாக இருந்தது, நான்காவது வாரத்தில் கறுத்தது. லேசர் நிலையங்களின் விளம்பரப் படங்கள் பலவற்றில் அந்த முதல் வாரத்து முகம்தான் இருக்கிறது. பணம் வாங்குவதற்கு முன்பே நான்காவது வாரத்தைப் பற்றி உங்களிடம் சொல்லியிருக்க வேண்டும். சொல்லாமல் விட்டது சிறிய குறையல்ல.

தோல் நிறங்களை வகைப்படுத்த நாங்கள் பயன்படுத்தும் ஃபிட்ஸ்பட்ரிக் அளவுகோல் 1975 இல் உருவானது. வெயில் பட்டால் எந்த அளவுக்குச் சிவக்கும், எந்த அளவுக்குக் கறுக்கும் என்று வெள்ளைத் தோலை வைத்துத்தான் அது தொடங்கியது. நம்மைப் போன்ற கபில, கறுப்பு நிறங்கள் பின்னர்தான் சேர்க்கப்பட்டன. இலங்கைத் தமிழர்களில் பெரும்பாலோர் அதன் ஆறு வகைகளில் நான்காம், ஐந்தாம் வகைக்குள் வருவோம். இந்த வகைகளுக்கு லேசர் கூடாது என்பதில்லை. துளைகளின் நெருக்கத்தைக் குறைத்து, ஒரே இடத்தில் திரும்பத் திரும்ப அடிக்காமல், இரண்டு தடவைகளுக்கு இடையில் நீண்ட இடைவெளி விட்டு, முன்கூட்டியே காது ஓரத்தில் ஒரு சிறிய இடத்தில் அடித்துப் பார்த்து, அதன் பிறகே முகத்தில் கை வைக்க வேண்டும். நெருக்கம் கூடக் கூடக் கருமையின் ஆபத்தும் கூடுகிறது.

ஆகவே ரதத்தின் பின்னால் போனதை நினைத்து உங்களை நீங்களே வருத்திக்கொள்ள வேண்டாம். அந்த வெயில் கருமையைக் கூட்டியிருக்கும். ஆனால் விதை அதற்கு முன்பே லேசரின் சூட்டில் விழுந்துவிட்டது. ஒரு நாள் காலி வீதியில் நடந்ததைவிட, தினமும் வேலைக்குப் போய் வரும் வழியில் முகத்தில் விழும் வெளிச்சம்தான் எனக்குக் கவலை தருகிறது.

அதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே எழுத வேண்டும். கொழும்பு பூமத்திய ரேகையிலிருந்து ஏழு பாகை வடக்கில் இருக்கிறது. ஆண்டில் இரண்டு முறை, ஏப்ரல் முற்பகுதியிலும், ஓகஸ்ட் இறுதியிலிருந்து செப்டெம்பர் முதல் வாரம் வரையிலும், சூரியன் நடுப்பகலில் இலங்கைக்கு நேர் மேலே வந்து நிற்கிறது. உங்கள் கறுப்பு எழும்பியிருக்கும் காலம் அதுதான். மப்பும் மந்தாரமுமாக இருந்தாலும் புறஊதாக் கதிர்களில் பெரும் பங்கு மேகத்தைத் தாண்டி வந்துவிடும். சாதாரண ஜன்னல் கண்ணாடி, தோலைச் சுட்டுச் சிவக்க வைக்கும் குறுகிய கதிர்களைத் தடுக்கும், கறுக்க வைக்கும் நீண்ட கதிர்களை உள்ளே விட்டுவிடும். ஆகவே குளிரூட்டிய பஸ்ஸில் ஜன்னல் ஓரம் உட்கார்ந்தாலும், அலுவலகத்தில் கண்ணாடிச் சுவருக்கு அருகில் மேசை இருந்தாலும் முகத்துக்கு அது வெயில்தான். கோட்டையிலிருந்து வெள்ளவத்தைக்கு மாலை ரயிலில் வருகிறீர்கள் என்றால் கடல் பக்கத்து இருக்கையை இந்த ஆறு மாதத்துக்கு வேறு யாருக்காவது விட்டுக்கொடுங்கள். இறங்கு வெயில் நேராகக் கன்னத்தில் விழும். அது இதமாகத் தெரிவதாலேயே நாம் கவனிப்பதில்லை.

இன்னொன்றும் இருக்கிறது. நம் நிறத்துத் தோலைப் புறஊதாக் கதிர்கள் மட்டுமல்ல, கண்ணுக்குத் தெரியும் சாதாரண வெளிச்சமும் கறுக்க வைக்கும். வழக்கமான சன்ஸ்கிரீன் அந்த வெளிச்சத்தைத் தடுப்பதில்லை. அயன் ஒக்சைட் சேர்த்த, தோல் நிறச் சாயல் கொண்ட சன்ஸ்கிரீன்தான் தடுக்கும். வெள்ளையாகப் பூசிக்கொள்ளும் ஸிங்க், டைட்டேனியம் கிரீம்கள் நம் முகத்தில் சாம்பல் பூசியது போலத் தெரிவதால் பலர் இரண்டு நாளில் விட்டுவிடுகிறார்கள். சாயல் கொண்டவற்றில் அந்தத் தொல்லையும் குறைவு. உங்கள் நிறத்துக்கு ஒத்துப்போகிற, எஸ்பிஎஃப் 30 க்குக் குறையாத ஒன்றைத் தேடி வாங்குங்கள். எஸ்பிஎஃப் 30 தோலைச் சிவக்க வைக்கும் கதிர்களில் ஏறத்தாழ 97 சதவீதத்தையும், 50 ஏறத்தாழ 98 சதவீதத்தையும் தடுக்கும். வித்தியாசம் அவ்வளவுதான். பெரிய எண்ணைத் தேடி அதிக விலை கொடுப்பதை விடப் போதிய அளவு பூசுவதுதான் முக்கியம். சுட்டு விரலிலும் நடு விரலிலும் அடி முதல் நுனி வரை பிதுக்கி எடுத்தால் எவ்வளவு வருமோ அவ்வளவும் முகத்துக்கும் கழுத்துக்கும் வேண்டும். பட்டாணி அளவு ஒரு பொட்டை எடுத்து முகமெல்லாம் இழுத்தால் எழுதியிருக்கும் பாதுகாப்பில் சிறு பகுதிதான் கிடைக்கும். வீட்டிலிருந்து புறப்பட முன் ஒரு தடவை, மதிய உணவுக்கு வெளியே போகும் முன் ஒரு தடவை, வேலை முடிந்து இறங்கும் முன் ஒரு தடவை. வியர்த்து வழிந்தால் மறுபடியும். இவை இறக்குமதிப் பொருட்கள், விலை கூட என்பது எனக்குத் தெரியும். மற்ற சீரம், நைட் கிரீம், மாஸ்க் எல்லாவற்றையும் நிறுத்தி அந்தப் பணத்தை இதில் போடுங்கள். குடை பிடிப்பதற்கும் கூச்சப்படாதீர்கள். சன்ஸ்கிரீனை விட மலிவான, நம்பகமான துணை அது.

இப்போது அந்தப் பாமசிக் கிரீம். நீங்கள் பெயர் எழுதவில்லை. ஆனால் நான்காம் நாளே வெளுப்பு, நிறுத்தியதும் எரிச்சல் என்கிற கதையை வைத்து அது எந்த வகை என்று ஊகிக்கலாம். மெலனினைக் குறைக்கும் ஹைட்ரோகுவினோன், மேற்றோலை உதிர்த்துப் புதுப்பிக்கும் ட்ரெட்டினோயின், அத்துடன் அழற்சியை அடக்கும் ஒரு ஸ்டெரொயிட். இந்த மூன்றையும் கலக்கும் யோசனை 1975 இல் கிளிக்மன், வில்லிஸ் என்ற இரு அமெரிக்க வைத்தியர்களிடமிருந்து வந்தது. தகுந்த நோயாளிக்கு, குறித்த காலத்துக்கு, வைத்தியரின் கண்காணிப்பில் கொடுத்தால் இது நல்ல மருந்து. நானும் எழுதிக் கொடுப்பதுண்டு. வைத்தியரின் சிட்டை இல்லாமல், ஆறாத முகத்துக்கு, யாரும் கேள்வி கேட்காமல் விற்கும்போதுதான் அதுவே கேடாகிறது. ஸ்டெரொயிட் இரத்தக் குழாய்களைச் சுருக்கி முகத்தை உடனே வெளுப்பாகக் காட்டும். அந்த வெளுப்பு மருந்தால் கிடைத்த நன்மை என்று நம்பித்தான் இரண்டாவது டியூப்பை வாங்குகிறோம். மாதங்கள் போனால் தோல் மெலிந்து, சிவந்த நரம்புகள் தெரிந்து, பருக்கள் எழும்பி, கன்னத்தில் மென்மயிர் வளர்ந்து, அந்தக் கிரீம் இல்லாமல் இருக்க முடியாத முகமாகிவிடும். இந்த ஊரில் இப்படிப் பாழான முகங்களைப் பார்ப்பது எனக்கு மிகுந்த வேதனை. பெரும்பாலும் கல்யாணத்துக்கு நிறம் வேண்டும் என்று தொடங்கியவர்களே.

நீங்கள் எட்டு நாள்தான் பூசியிருக்கிறீர்கள். அப்படியே நிறுத்திவிடலாம், நிறுத்திவிடவும் வேண்டும். எரிச்சல் சில நாட்களில் அடங்கும். மாதக்கணக்காகப் பூசி வருகிறவர்கள் இதைப் படித்துவிட்டு இன்றிரவே நிறுத்திவிடாமல் ஒரு தோல் வைத்தியரிடம் போங்கள். திடீரென்று விட்டால் முகம் கொதித்துப்போகும், படிப்படியாகத்தான் குறைக்க வேண்டும். உள்ளே என்ன இருக்கிறது என்றே எழுதாத, செய்தவர் முகவரி இல்லாத சிமிழ்க் கிரீம்கள் இன்னும் மோசம். அவற்றில் பாதரசம் இருக்கக்கூடும், அது சிறுநீரகத்தைத் தாக்கும். பாதரசத்தையும் அது சேர்த்த அழகுப் பொருட்களையும் கட்டுப்படுத்தும் மினமாட்டா உடன்படிக்கையில் இலங்கையும் ஒரு தரப்பு. இருந்தும் கடை அலுமாரிகளில் அவை இல்லாமற் போய்விடவில்லை.

அப்படியானால் என்ன பூசுவது? அடுத்த இரண்டு வாரங்களுக்கு மூன்றே மூன்று பொருட்கள்: வாசனையில்லாத மென்மையான கழுவும் திரவம், வாசனையில்லாத ஒரு மொயிஸ்சரைஸர், மேலே சொன்ன சன்ஸ்கிரீன். எரிச்சல் முற்றாக அடங்கிய பிறகு, நேரில் பார்க்கும் வைத்தியர் பெரும்பாலும் அசெலேயிக் அசிட் கிரீமில் தொடங்குவார், 15 அல்லது 20 சதவீதம். நியாசினமைட்டும் உதவும். போதாவிட்டால் ஹைட்ரோகுவினோனைத் தனியாக, இரவில் மட்டும், சில மாத வரையறையோடு கொடுக்கலாம். வரையறை இல்லாமல் ஆண்டுக்கணக்கில் பூசினால் அதுவே தோலை நீலக் கறுப்பாக்கிவிடும், அந்தக் கறுப்பைப் போக்குவது மிகக் கடினம்.

கருமையைக் குறைக்கக் கொடுக்கும் டிரனெக்ஸமிக் அசிட் மாத்திரை பற்றியும் யாராவது உங்களுக்குச் சொல்லியிருக்கலாம். அது இரத்தம் உறைவதோடு தொடர்புடைய மருந்து. கல்யாண நாளுக்காக மாதவிடாயைத் தள்ளிப்போடும் மாத்திரையோ கருத்தடை மாத்திரையோ எடுக்க நினைத்தால் அதை உங்களைப் பார்க்கும் வைத்தியரிடம் கட்டாயம் சொல்லுங்கள். இரண்டும் சேரும்போது இரத்தக்கட்டி ஆபத்து கூடும். குடும்பத்தில் யாருக்காவது காலில் இரத்தம் உறைந்திருந்தாலும் சொல்லுங்கள். கல்யாணத்துக்குப் பின் உடனே குழந்தைக்கு எதிர்பார்க்கிறீர்கள் என்றால் ஹைட்ரோகுவினோனும் ட்ரெட்டினோயினும் அதற்கு முன்பே நிறுத்தப்பட வேண்டும். அசெலேயிக் அசிட்டைத் தொடரலாம். இந்தக் கேள்வியைக் கேட்க அம்மா பக்கத்தில் இருக்கும்போது கூச்சமாக இருந்தால், வைத்தியரோடு தனியாகப் பேச இரண்டு நிமிடம் கேளுங்கள். தருவார்கள்.

அம்மாவின் மஞ்சளுக்கு வருகிறேன். அன்பினால் சொல்கிறார், அதை மறுப்பது கடினம் என்று எனக்குத் தெரியும். ஆறின தோலுக்கு மஞ்சளால் பெரிய கெடுதல் இல்லை. லேசர் பட்டு, ஸ்டெரொயிட்டும் பட்டு, எரிந்துகொண்டிருக்கும் தோலுக்கு அது ஒவ்வாமையைத் தரலாம். தேய்த்துக் கழுவும்போது உரசலும் சேரும். ஒவ்வொரு எரிச்சலும் மெலனின் கலங்களுக்கு இன்னொரு தூண்டுதல். சந்தனம், வெனிவெல் (மரமஞ்சள்), கற்றாழை மடல், பப்பாசி எல்லாவற்றுக்கும் இதே பதில்தான். தேசிக்காய்ச் சாற்றுக்கு மட்டும் தனியாகச் சொல்கிறேன்: அதை ஒருபோதும் முகத்தில் பூசாதீர்கள். அந்தச் சாறு இருக்கும் தோலில் வெயில் பட்டால் கொப்புளமே வரும். அம்மா ஏதாவது செய்தே ஆக வேண்டும் என்றால், காலையில் நீங்கள் புறப்படும்போது சன்ஸ்கிரீன் காதோரம், தாடை ஓரம் வரை பட்டிருக்கிறதா என்று பார்த்துச் சொல்லும் வேலையை அவரிடம் கொடுங்கள். உண்மையாகவே தேவைப்படும் வேலை அது.

சின்னம்மாவிடம் இறாலும் கத்தரிக்காயும் சமைக்கச் சொல்லலாம். உங்களுக்கு அவற்றால் முன்பே ஒவ்வாமை இருந்திருந்தால் ஒழிய, இந்தக் கருமைக்கும் கிரந்திச் சாப்பாட்டுக்கும் தொடர்பில்லை. ஆறிக்கொண்டிருக்கும் தோலுக்குப் புரதம் வேண்டும். மீன், முட்டை, பருப்பு எல்லாவற்றையும் ஒதுக்கிவிட்டுச் சோறும் ரசமும் மட்டும் சாப்பிடும் பெண்களைக் கல்யாணத்துக்கு முன் பார்க்கிறேன். முகத்துக்கு அதனால் ஒரு நன்மையும் இல்லை, தலைமயிர்தான் கொட்டும்.

இரண்டாவது லேசர் வேண்டாம். இதில் எனக்குச் சந்தேகமே இல்லை. கறுப்பு முற்றாக மங்காத தோலில் மறுபடி சூடு வைத்தால் கருமை ஆழமாக இறங்கும் வாய்ப்பு அதிகம். மேற்றோலில் இருக்கும் கபில நிறம் மாதங்களில் போகும். உட்தோலுக்குள் இறங்கிய சாம்பல் நீலக் கறுப்பு ஆண்டுகள் நிற்கும். அதோடு, முதல் லேசரின் பலனையே நீங்கள் இன்னும் முழுதாகப் பார்க்கவில்லை. குழிகளை மேடாக்குவது கொலாஜன் என்னும் தோலின் புரதம். அது மூன்றிலிருந்து ஆறு மாதம் வரை மெல்ல உருவாகிக்கொண்டே இருக்கும். கார்த்திகையில் உங்கள் கன்னம் இன்றிருப்பதைவிடச் சமமாக இருக்கலாம், யாரும் எதுவும் செய்யாமலே.

எல்லாக் குழிகளுக்கும் லேசர் மருந்தல்ல என்பதையும் அறிந்திருங்கள். ஊசியால் குத்தியது போல ஒடுங்கி ஆழமாக இருப்பவற்றுக்கு ஒவ்வொரு குழிக்குள்ளும் அமிலம் தொட்டு வைக்கும் முறை பொருந்தும். அலை அலையாக உள்ளே இழுபட்டிருப்பவற்றுக்கு அடியில் பிடித்திருக்கும் நாரை ஊசியால் அறுத்துவிட வேண்டும். ஓரம் வெட்டினாற்போல் அகலமாக இருப்பவற்றுக்கு லேசர் நன்றாக வேலை செய்யும். எதுவுமே தோலைப் பழையபடி ஆக்காது. ஓரளவு முன்னேற்றம்தான் நேர்மையான இலக்கு. கல்யாணம் முடிந்து, கறுப்பும் போய், ஆறு மாதம் கழித்து நிதானமாக ஒரு தோல் வைத்தியரோடு இதைப் பேசலாம்.

கட்டிய பணத்தை நினைத்து மனம் தடுமாற வேண்டாம். நிலையத்துக்கு எழுத்தில் ஒரு கடிதம் கொடுங்கள்: எந்த இயந்திரம், என்ன சக்தி, என்ன நெருக்கம், எத்தனை தடவை, யார் செய்தார், அவர் இலங்கை மருத்துவச் சபையில் பதிவுபெற்ற வைத்தியரா. இவற்றைக் கேட்பது உங்கள் உரிமை, அடுத்து உங்களைப் பார்க்கும் வைத்தியருக்கும் இந்த விவரங்கள் வேண்டும். இரண்டாவது தடவைக்கான பணத்தைத் திருப்பித் தரும்படியோ ஓராண்டுக்குத் தள்ளிவைக்கும்படியோ அதே கடிதத்தில் கேளுங்கள். மறுத்தால் நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபை இருக்கிறது. தனியார் மருத்துவ நிலையங்கள் 2006 ஆம் ஆண்டின் 21 ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் பதிவு செய்யப்பட வேண்டும். அந்த நிலையம் அப்படிப் பதிவானதா என்றும் விசாரியுங்கள்.

கல்யாணத்துக்கு வருவோம். அலங்காரம் செய்பவரிடம் இப்போதே சொல்லிவிடுங்கள்: பிளீச் வேண்டாம், பேஷியல் வேண்டாம், கன்னத்திலும் மேலுதட்டிலும் மெழுகு வைத்து மயிர் எடுக்க வேண்டாம். புருவத்துக்கு மட்டும் நூல் போடலாம், கல்யாணத்துக்கு ஒரு வாரம் முன்பு. கபிலப் புள்ளிகளை மறைக்கப் பவுண்டேஷனைத் தடிப்பாக அப்பத் தேவையில்லை. அடியில் செம்மஞ்சள் அல்லது பீச் சாயல் கொண்ட கரெக்டரை மெல்லியதாகத் தட்டி, மேலே உங்கள் நிறத்துக்குச் சரியான பவுண்டேஷன் போட்டால் போதும். ஒரு மாதம் முன்பே ஒத்திகை பார்த்து, பிளாஷ் போட்டுப் படமும் எடுத்துப் பாருங்கள். வெள்ளைச் சன்ஸ்கிரீன் அடியில் இருந்தால் பிளாஷில் முகம் மட்டும் வெளிறித் தெரியும். ஒட்டுப் பொட்டின் பசை சிலருக்கு அந்த இடத்தில் நிறத்தையே அழித்துவிடும் என்பதால் அன்றைக்கு ஒரு நாள் மட்டும் வையுங்கள், தினசரி வேண்டாம். பால் அறுகு வைத்துத் தோய வார்ப்பதில் பயமில்லை, அது தலைக்குத்தானே. முகத்தில் மஞ்சள் பூசும் வழக்கம் உங்கள் வீட்டில் இருந்தால், அன்று கைகளிலும் கால்களிலும் பூசிக்கொள்ளுங்கள். பெரியவர்களிடம் வைத்தியர் சொன்னார் என்று என் மேல் பழியைப் போடுங்கள்.

இதைப் படிப்பவர்களில் லேசர் செய்து இரண்டு மூன்று நாளே ஆனவர்களும் இருப்பீர்கள். முதல் இரண்டு நாள் காந்தலும், இரண்டாம் மூன்றாம் நாள் காலையில் வீக்கமும் இயல்பு. இரண்டு தலையணை வைத்துப் படுங்கள். கொதித்தாறிய நீரால் மெதுவாகக் கழுவி, வாஸ்லினை மெல்லிய படையாகப் பூசுங்கள். அன்டிபயோட்டிக் களிம்புகளை நீங்களாக வாங்கிப் பூசாதீர்கள், பல ஒவ்வாமையைத் தருபவை. பொருக்கை உரிக்கக் கூடாது, தானாக உதிரட்டும். மூன்றாம் நாளுக்குப் பின் வலி குறையாமல் கூடினால், சீழோ மஞ்சள் பொருக்கோ தெரிந்தால், சிறு கொப்புளங்கள் கூட்டமாக எழும்பினால், காய்ச்சல் வந்தால், அன்றே வைத்தியரிடம் போக வேண்டும். உதட்டில் அடிக்கடி காய்ச்சல் கொப்புளம் வருபவர்கள் அதை லேசருக்கு முன்பே சொல்ல வேண்டும். வைரஸ் மருந்தை முன்கூட்டியே தொடங்கினால் முகம் முழுவதும் அது பரவுவதைத் தடுக்கலாம்.

உங்களைப் பொறுத்தவரை இது அவசரம் அல்ல. ஆனால் தள்ளிப்போடவும் வேண்டாம். இரண்டு வாரங்களுக்குள் ஒரு தோல் வைத்திய நிபுணரை நேரில் பாருங்கள். தனியார் வைத்தியசாலையில் சனல் செய்யலாம், அதாவது முன்பதிவு செய்து பார்க்கலாம். செலவு சுமை என்றால் கொழும்பு தேசிய வைத்தியசாலையின் தோல் கிளினிக்குக்குப் போகலாம், அங்கே கட்டணமில்லை. கறுப்பு எவ்வளவு ஆழத்தில் இருக்கிறது என்று வூட்ஸ் விளக்கு என்னும் புறஊதா விளக்கைக் கொண்டு ஓரளவு அறிந்துகொள்ளலாம். கருமைக்கு அடியில் எங்காவது தோல் தடித்திருக்கிறதா, முக்கியமாகத் தாடை ஓரத்தில், என்று வைத்தியர் தடவியும் பார்ப்பார். தடித்திருந்தால் அது தழும்பின் தொடக்கம், சிகிச்சை வேறு, சீக்கிரமாகத் தொடங்க வேண்டும். நீங்களும் இன்று விரல் நுனியால் தடவிப் பாருங்கள். தடிப்புத் தெரிந்தால் இரண்டு வாரம் காத்திருக்க வேண்டாம்.

அதுவரை கண்ணாடியைத் தினமும் பத்துத் தடவை பார்க்காதீர்கள். மாற்றம் அவ்வளவு மெதுவானது, நாளுக்கு நாள் கண்ணுக்குத் தெரியாது, மனம்தான் தளரும். இரண்டு வாரத்துக்கு ஒரு முறை, ஒரே ஜன்னல் அருகில், காலையில் ஒரே நேரத்தில் ஒரு படம் எடுத்து வையுங்கள். அந்தப் படங்களையும், லேசருக்கு முன் எடுத்த படம் இருந்தால் அதையும், நிலையம் தந்த சிட்டைகளையும் கொண்டு போங்கள். பாமசிக் கிரீமின் வெற்று டியூப் இன்னும் வீட்டில் கிடந்தால் குப்பையில் போட வேண்டாம், அதையும் பையில் எடுத்து வையுங்கள். அதில் என்ன ஸ்டெரொயிட் இருந்தது என்பதை வைத்தியர் பார்க்க வேண்டும்.